எல்எஃப்எஸ்ல நெட் வரல, எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடியும் முதல்லேர்ந்து கட்டணுமா?

கடலூர்லேர்ந்து ஒரு இன்ஜினியரிங் ஃபைனல் இயர் தம்பி எழுதியிருக்காரு. லெட்டர் ரொம்ப நீளம், அதனால சுருக்கி சொல்லிடறேன். ப்ராஜெக்டுக்காக லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச், அதாங்க எல்எஃப்எஸ், அந்த புக்கை வச்சு சோர்ஸ் கோட்லேர்ந்து ஒவ்வொரு பேக்கேஜா கம்பைல் பண்ணி சொந்தமா ஒரு ஓஎஸ் கட்டியிருக்காரு, பழைய ஸ்டைல் பூட் ஸ்கிரிப்ட் வச்சு ஓடற சிஸ்வினிட் பதிப்பு. மெஷின் அவரோடது இல்ல, பண்ருட்டியில முந்திரி வியாபாரம் பண்ற மாமாவோட பழைய டெஸ்க்டாப், அதுல விண்டோஸும் டேலியும் இருக்கு, பக்கத்துல இடம் ஒதுக்கி உபுண்டு, அதுக்கும் பக்கத்துல இவரோட எல்எஃப்எஸ். கட்டி முடிச்சு பூட் ஆயிடுச்சு, ஆனா நெட் வரல.

முதல் பூட்ல லேன் கார்டுக்கான ஈத்0-ன்னு ஒரு இன்டர்ஃபேஸே இல்லன்னு சொல்லி, பிங் பண்ணா "நெட்வொர்க் ஈஸ் அன்ரீச்சபிள்"னு வந்திருக்கு. யாரோ சொல்லி, ஓஎஸ்ஸோட மையமான கர்னலுக்கு பூட் பண்றப்ப குடுக்கற லைன்ல நெட் டாட் ஐஎஃப்நேம்ஸ்=0 சேர்த்திருக்காரு. அப்ப "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்"னு வந்திருக்கு. "அதே எரர் தான் சார் திரும்பவும்"னு எழுதியிருக்காரு. அப்புறம் வேகமா கம்பைல் ஆகட்டும்னு ஃப்ரெண்டோட லேப்டாப்ல லோக்கல்மாட்கான்ஃபிக் போட்டு கர்னலை புதுசா கட்டி, அந்த கர்னல் இமேஜை மட்டும் பென்டிரைவ்ல கொண்டு வந்து போட்டிருக்காரு. இப்ப எல்ஓ (மெஷின் தனக்குள்ளயே பேசிக்கற இன்டர்ஃபேஸ்) மட்டும் தான் தெரியுது, வேற ஒண்ணுமே இல்ல. பயந்து போய் உபுண்டுவோட மாட்யூல்ஸ் (கர்னல் தனியா ஏத்திக்கற டிரைவருங்க) ஃபோல்டர், ஃபர்ம்வேர் ஃபோல்டர், ரிசால்வ் டாட் கான்ஃப் எல்லாத்தையும் அப்படியே எடுத்து ஒட்டியும் பாத்திருக்காரு.

அவர் கேக்கறது நாலு. மொத்தமா அழிச்சுட்டு திரும்ப கட்டணுமா? லேன் போர்ட் போயிடுச்சா, வைஃபை டாங்கிள் வாங்கவா? காலேஜ்ல டெமோ அன்னிக்கு லேப் மெஷினோட மேக் அட்ரஸை போட்டுக்கலாம்னு ஒரு சீனியர் சொல்றாரு, செய்யலாமா? கடைசியா, வைவாவுல இதை "என் சொந்த ஓஎஸ்"னு சொல்றது சரியா?

தம்பி, முதல் கேள்விக்கு என் பதில்: வேண்டாம். அழிக்காதீங்க. உங்க லெட்டரை பொறுமையா படிச்சா நீங்க பின்னாடி போகவே இல்ல, ஒரு படி முன்னாடி போயிருந்தீங்க, அது தெரியாம நீங்களே திரும்பி இறங்கி வந்துட்டீங்க. எப்படின்னு சொல்றேன், அதுக்கு முன்னாடி வேற ஒரு விஷயம்.

மாமாவோட டேலி

நெட் பிரச்சனையை விட எனக்கு இது தான் கவலை. எல்எஃப்எஸ் கட்டறப்ப பார்ட்டிஷன் பேர்ல ஒரு நம்பர் மாத்தி அடிச்சாலே போதும், எம்கேஎஃப்எஸ் அந்த பார்ட்டிஷனை ஃபார்மட் பண்ணிடும், அந்தாண்ட இருக்கறது மாமாவோட கணக்கு. மாசம் 20 தேதிக்குள்ள ஜிஎஸ்டி 3பி போடணும்னு ஆடிட்டர் கேக்கறப்ப "ப்ராஜெக்ட் பண்ணேன் மாமா"ன்னு சொன்னா நல்லா இருக்காது. டேலிக்குள்ளயே பேக்கப் ஆப்ஷன் இருக்கு, அதை எடுங்க, கூடவே டேட்டா ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவ்ல காப்பி பண்ணி மாமா கையிலயே குடுத்துடுங்க. அவர்கிட்ட சொல்லிட்டு தான் செய்யறீங்கன்னு நம்பறேன், லெட்டர்ல அதை பத்தி ஒரு வார்த்தையும் இல்ல.

இன்னொண்ணு, அந்த மெஷின்ல விண்டோஸ் டைம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டுதுன்னு மாமா திட்டினாரா? திட்டியிருந்தா அதுக்கு காரணம் பெரும்பாலும் நீங்க தான். விண்டோஸ் ஹார்டுவேர் கிளாக்கை நம்ம ஊர் நேரமா வச்சுக்கும், எல்எஃப்எஸ்ல கிளாக் ஃபைல்ல யுடிசி=1-னு இருந்து, அங்க நீங்க டைமை சரி பண்ணியிருந்தா, ஷட்டவுன் பண்றப்ப அதை க்ரீன்விச் நேரமா மாத்தி எழுதிட்டு போயிடும். இடிசி, சிஸ்கான்ஃபிக் உள்ள இருக்கற கிளாக் ஃபைல்ல அதை 0 ஆக்கிடுங்க. இது நெட்டுக்கும் சம்பந்தம் உள்ள விஷயம் தான், கீழ வருது.

சிஎச்ரூட்ல வந்துச்சே, பூட் பண்ணா ஏன் வரல?

லெட்டர்ல மூணு தடவை இதை எழுதியிருக்கீங்க, "சிஎச்ரூட்ல பிங் போச்சு சார், அப்ப நான் கட்டினது எல்லாம் கரெக்ட் தானே"ன்னு. அங்க தான் குழப்பமே. சிஎச்ரூட்னா உபுண்டு ஓடிட்டு இருக்கறப்பவே எல்எஃப்எஸ் ஃபோல்டரை ரூட்டா வச்சு அதுக்குள்ள நுழையறது, அப்ப ஓடிட்டு இருந்தது உபுண்டுவோட கர்னல். லேன் கார்டை புடிச்சது உபுண்டு டிரைவர், ஐபி வாங்கி குடுத்தது உபுண்டு. உங்களோடதுன்னு அங்க இருந்தது பிங் ங்கற ப்ரோக்ராமும் ஜிலிப்சி ங்கற சி லைப்ரரியும் தான். மாமியார் வீட்டுல விருந்து சாப்ட்டு வந்துட்டு நம்ம வீட்டு அடுப்பு நல்லா எரியுதுன்னு சொல்ற மாதிரி அது. சிஎச்ரூட்ல பிங் போனா உங்க பிங் நல்லா கம்பைல் ஆயிருக்குன்னு அர்த்தம், லேன் கார்டும் கேபிளும் ரவுட்டரும் உயிரோட இருக்குன்னு அர்த்தம். உங்க கர்னல், உங்க ஐபி செட்டிங் இது ரெண்டை பத்தியும் அது ஒண்ணுமே சொல்லல.

அதே காரணத்தால உங்க ரெண்டாவது கேள்விக்கும் பாதி பதில் வந்துடுச்சு. உபுண்டுல இப்பவும் அதே கேபிள்ல நெட் வருதுன்னு எழுதியிருக்கீங்க, அப்ப போர்ட் போகல. (இது மத்த வாசகர்களுக்கு: உபுண்டுலயும் வரலன்னா போர்ட் மேல சந்தேகப்படறது நியாயம். தேவனாம்பட்டினம் பக்கம் கடலை ஒட்டி இருக்கற வீடுகள்ல உப்புக்காத்துல ஜாக்குக்குள்ள பின் எல்லாம் பச்சை புடிச்சு நிக்கும், ஐப்பசி கார்த்திகை இடிக்கு லேன் போர்ட் மட்டும் செத்துப்போன போர்டுங்களும் வருஷா வருஷம் சர்வீஸுக்கு வரும். அது வேற கதை.)

ஒரே எரர் இல்ல, மூணு வேற வேற நோய்

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். நீங்க "அதே எரர்"னு சொன்ன ரெண்டும் ஒண்ணு இல்ல. "அன்ரீச்சபிள்"ங்கற வார்த்தையை மட்டும் பாத்து முடிவு பண்ணிட்டீங்க.

"நெட்வொர்க் ஈஸ் அன்ரீச்சபிள்"னா கர்னல்கிட்ட அந்த அட்ரஸுக்கு போக ரூட்டே இல்லன்னு அர்த்தம். பாக்கெட் மெஷினை விட்டு வெளிய போகவே இல்ல. உங்களுக்கு அது ஏன் வந்துச்சுன்னா, கார்டுக்கு அந்த நேரத்துல பேரு ஈத்0 இல்ல, இஎன்பி3எஸ்0 மாதிரி ஏதோ ஒண்ணு. 2013-லேர்ந்தே யுடெவ் இப்படி தான் பேர் வைக்குது, கார்டு எந்த பிசிஐ பஸ்ல எந்த ஸ்லாட்ல இருக்குன்றதை வச்சு. புக்ல இருக்கற உதாரணத்துல ஈத்0-ன்னு இருந்ததை நீங்க அப்படியே அடிச்சுட்டீங்க, ஐஎஃப்கான்ஃபிக் டாட் ஈத்0-ன்னு ஃபைல், உள்ள ஐஃபேஸ்=ஈத்0. பூட் ஸ்கிரிப்ட் போய் ஈத்0 எங்கன்னு தேடுச்சு, அப்படி ஒருத்தர் இந்த தெருவுலயே இல்லன்னு திரும்பி வந்துடுச்சு.

ஐஎஃப்நேம்ஸ்=0 போட்டதும் பேரு ஈத்0 ஆச்சு, ஸ்கிரிப்ட் அதுக்கு ஐபி போட்டுச்சு, ரூட் போட்டுச்சு. அப்ப வந்தது தான் "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்". அதை சொன்னது யாருன்னு அந்த லைன்லயே இருந்திருக்கும் பாருங்க, 192.168.1.2, அதாவது உங்க மெஷினே தான். அதுக்கு அர்த்தம், "இந்த ஐபி உள்ளவர் யாருங்க"ன்னு ஏஆர்பி-ல கத்தி பாத்தேன், யாரும் பதில் சொல்லலன்றது. டிரைவர் ஓடுது, கார்டு ஓடுது, ஐபி, கேட்வே (அதாவது ரவுட்டரோட ஐபி) நம்பருங்க மட்டும் தப்பு.

எப்படி தப்புன்னு உங்க லெட்டர்லயே இருக்கு, போன்ல வைஃபை ஐபி 192.168.29.37-னு போற போக்குல எழுதியிருக்கீங்க. வீட்டுல ஜியோ ஃபைபர் தானே? அந்த ரவுட்டர் 192.168.29.1-ல தான் உக்காந்திருக்கும். நீங்க புக்ல இருந்த 192.168.1.2, கேட்வே 192.168.1.1 ரெண்டையும் அப்படியே போட்டுட்டீங்க. புக் எழுதினவங்களுக்கு உங்க வீட்டு ரவுட்டர் எப்படி தெரியும்? ஃபைலை இப்படி மாத்துங்க: ஐபி 192.168.29.200, கேட்வே 192.168.29.1, ப்ரிஃபிக்ஸ் 24, ப்ராட்காஸ்ட் 192.168.29.255. ப்ராட்காஸ்டை மறந்துடாதீங்க, எல்லாரும் மறக்கற லைன் அது. 200-ங்கறதை ரவுட்டர் ஏற்கனவே வேற யாருக்கும் குடுக்கலன்னு உபுண்டுலேர்ந்து ஒரு பிங் அடிச்சு பாத்துக்குங்க, யாரும் பதில் சொல்லலன்னா எடுத்துக்கலாம்.

ஆக அன்னிக்கு ராத்திரி நாலு நம்பரை மாத்தியிருந்தா நெட் வந்திருக்கும். அதை விட்டுட்டு கர்னலை மாத்தினீங்க. அதுல தான் மூணாவது நோய்.

இப்ப ஏன் எல்ஓ மட்டும் தெரியுது

லோக்கல்மாட்கான்ஃபிக் என்ன பண்ணும்னா, அதை ஓட்டற மெஷின்ல இப்ப என்னென்ன மாட்யூல் லோட் ஆயிருக்குன்னு பாத்து, லோட் ஆகாத மாட்யூல் எல்லாத்தையும் கான்ஃபிக்லேர்ந்து எடுத்துடும். கம்பைல் டைம் நல்லா குறையும், நல்ல டூல் தான். ஆனா நீங்க அதை ஓட்டினது ஃப்ரெண்ட் லேப்டாப்ல. உங்க மாமா மெஷின்ல இருக்கறது ரியல்டெக் கார்டு, உபுண்டுல பாத்தப்ப 10இசி:8168-ன்னு வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, அதுக்கு டிரைவர் ஆர்8169. ஃப்ரெண்ட் லேப்டாப்ல ரியல்டெக் லேன் இல்லன்னா அந்த டிரைவர் அங்க தேவையில்லாத சாமான், தூக்கி போட்டுடுச்சு. டிஸ்க் டிரைவரும் ஈஎக்ஸ்டி4-ம் நீங்க முன்னாடியே உள்ளயே சேர்த்து கட்டியிருந்ததால அது தப்பிச்சுது, அதனால தான் பூட் மட்டும் ஒழுங்கா ஆகுது. நீங்க "பூட் ஆகுதே, அப்ப கர்னல் சரி தானே"ன்னு நினைக்கறீங்க.

இன்னொரு சாத்தியமும் இருக்கு. டிரைவர் மாட்யூலா கட்டியிருந்தும் நீங்க கர்னல் இமேஜை மட்டும் கொண்டு வந்தீங்க, மாட்யூல்ஸ் எல்லாம் ஃப்ரெண்ட் லேப்டாப்லயே கிடக்கு. இந்த ரெண்டுல எதுன்னு பாக்கறது சுலபம். ஃப்ரெண்ட் லேப்டாப்ல கர்னல் கட்டின ஃபோல்டர்ல டாட் கான்ஃபிக் ஃபைல் இருக்கும், அதுல ஆர்8169-னு தேடுங்க. "ஈஸ் நாட் செட்"னு இருந்தா முதல் காரணம். சமம் எம்-னு இருந்தா ரெண்டாவது காரணம்.

உபுண்டுவோட மாட்யூல்ஸ் ஃபோல்டரை ஒட்டினது ஏன் வேலைக்கு ஆகலன்னா, மாட்யூல்ங்கறது எந்த கர்னலுக்கு கட்டினாங்களோ அதுக்கு மட்டும் தான். யுநேம் மைனஸ் ஆர் அடிச்சா வர்ற பேரும் லிப் மாட்யூல்ஸ்ல இருக்கற ஃபோல்டர் பேரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும், அப்படி ஒத்துப்போற மாதிரி பேரை மாத்தி வச்சாலும் உள்ள வெர்ஷன் முத்திரை இருக்கு, கர்னல் ஏத்துக்காது. ஜெனரிக்னு முடியற அந்த ஃபோல்டர் உங்களுக்கு இடத்தை அடைக்கற குப்பை, எடுத்துடலாம், ஆனா ஆர்எம் அடிக்கறப்ப எல்எஃப்எஸ்ஸை பூட் பண்ணி அதுக்குள்ள இருந்து அடிங்க, உபுண்டுல நின்னுக்கிட்டு பாத்ல ஒரு இடம் தவறிச்சுன்னா உபுண்டுவோட மாட்யூல்ஸ் போயிடும், அப்புறம் உங்களுக்கு உதவிக்கு இருக்கற ஒரே சிஸ்டமும் நொண்டும்.

என்ன செய்யலாம்? பூட் ஃபோல்டர்ல பழைய கர்னல் வேற பேர்ல இருக்கான்னு பாருங்க. இருந்தா பூட் மெனு காட்டற க்ரப்ல அதுக்கு ஒரு என்ட்ரி போட்டு அதையே எடுங்க, கதை முடிஞ்சுது. பழைய கர்னல் மேலயே புதுசை எழுதிட்டீங்கன்னா, இதை தான் நான் சொல்லுவேன்: பழைய கான்ஃபிக் ஃபைலை எடுத்து, மெனுகான்ஃபிக்ல டிவைஸ் டிரைவர்ஸ், நெட்வொர்க் டிவைஸ் சப்போர்ட், ஈத்தர்நெட் டிரைவர் சப்போர்ட், ரியல்டெக் அப்படியே உள்ள போய் 8169-ஐ எம் இல்லாம ஸ்டார் போட்டு உள்ளயே சேர்த்துடுங்க. மாட்யூல் தொல்லையே இல்ல. அந்த பழைய டெஸ்க்டாப்ல கட்டறதுக்கு மணிக்கணக்கா ஆகும், ஆகட்டும், ராத்திரி விட்டுட்டு தூங்குங்க. இல்ல ஃப்ரெண்ட் லேப்டாப்ல தான் கட்டணும்னா, மாமா மெஷின்ல உபுண்டுல எல்எஸ்மாட் அவுட்புட்டை ஒரு ஃபைல்ல எடுத்துட்டு போய், எல்எஸ்மாட்=அந்த ஃபைல்னு குடுத்து லோக்கல்மாட்கான்ஃபிக் ஓட்டலாம், அதுக்குன்னே அந்த வசதி இருக்கு. புதுசா கட்டறப்ப கர்னலுக்கு புது பேரா வைங்க, ஓடற கர்னலை அழிச்சுட்டு அதே இடத்துல வைக்கற பழக்கத்தை இன்னியோட விட்டுடுங்க.

ஃபர்ம்வேர் பத்தி கேட்டிருந்தீங்க. கர்னல் லாகை காட்டற டிமெஸேஜ்ல "டைரக்ட் ஃபர்ம்வேர் லோட் ஃபெயில்டு"னு ரியல்டெக் பேர்ல ஒரு லைன் வரும், அதை பாத்து பதற வேண்டாம், இந்த கார்டுங்க பெரும்பாலும் அது இல்லாமலே ஓடும், உங்களுக்கு ரெண்டாவது தடவை ஈத்0 வந்தப்ப கூட அந்த லைன் இருந்திருக்கும். உபுண்டுலேர்ந்து எடுத்து ஒட்டினது வேலை செய்யாததுக்கு இன்னொரு காரணமும் உண்டு, 24.04-ல ஃபர்ம்வேர் ஃபைல் எல்லாம் இசட்எஸ்டி-ல சுருக்கி வச்சிருக்கும், உங்க கர்னல்ல அந்த சுருக்கத்தை பிரிக்கற ஆப்ஷனை ஆன் பண்ணலன்னா அதால படிக்க முடியாது.

ஐபி வந்ததுக்கு அப்புறம் வரப்போற ரெண்டு வம்பு

இது ரெண்டும் உங்களுக்கு இன்னும் வரல, ஆனா நிச்சயம் வரும், அதனால இப்பவே சொல்லி வைக்கறேன், இல்லன்னா அப்பவும் கர்னலை தான் மாத்துவீங்க.

கார்டு தெரிஞ்சதும் ஐபி லிங்க் அடிச்சு லோயர் அப்-னு இருக்கான்னு பாருங்க, நோ கேரியர்னு இருந்தா கேபிளை பாருங்க. அப்புறம் 192.168.29.1-க்கு பிங். அப்புறம் 8.8.8.8-க்கு பிங். இது ரெண்டும் போயி, பேர் போட்டு பிங் பண்ணா மட்டும் "நேம் ரெசல்யூஷன்"ல ஃபெயில்னு வந்தா அது டிஎன்எஸ். உங்களுக்கு அது கட்டாயம் வரும், ஏன்னா உபுண்டுலேர்ந்து ரிசால்வ் டாட் கான்ஃபை காப்பி பண்ணிட்டீங்க. அதுல நேம்சர்வர் 127.0.0.53-ன்னு இருக்கும். அது உபுண்டுல ஓடற சிஸ்டம்டி ரிசால்வ்டு உக்காந்திருக்கற இடம், உங்க சிஸ்வினிட்ல அங்க யாரும் இல்ல. அந்த லைனை எடுத்துட்டு 192.168.29.1-னோ 8.8.8.8-னோ போடுங்க. கூடவே என்எஸ்ஸ்விட்ச் டாட் கான்ஃப்ல ஹோஸ்ட்ஸ் லைன்ல ஃபைல்ஸ், டிஎன்எஸ் ரெண்டும் இருக்கான்னு ஒரு பார்வை.

அடுத்தது, பிங் எல்லாம் போகும், ஆனா டபிள்யூகெட் போட்டு ஏதாவது டவுன்லோட் பண்ணா சர்ட்டிஃபிகேட் எரர் வரும். அது நெட் பிரச்சனையே இல்ல. எல்எஃப்எஸ் புக்ல டபிள்யூகெட்டும் கிடையாது, சர்ட்டிஃபிகேட் மூட்டையும் கிடையாது, அதெல்லாம் அடுத்த புக்கான பிஎல்எஃப்எஸ்ல மேக்-சிஏ ங்கற இடத்துல வரும். முதல் தடவை அந்த ஃபைல்களை உபுண்டுலேயே டவுன்லோட் பண்ணி எல்எஃப்எஸ் பார்ட்டிஷன்ல போட்டுக்குங்க. மேக்-சிஏ போட்ட பிறகும் எரர் வந்தா டேட் அடிச்சு தேதியை பாருங்க. பழைய போர்டு, சிமாஸ் பேட்டரி தீர்ந்திருந்தா தேதி பல வருஷம் பின்னாடி போய் நிக்கும், அப்ப எந்த சைட் சர்ட்டிஃபிகேட்டும் "இன்னும் செல்லுபடி ஆகல"ன்னு தான் சொல்லும். சிஆர்2032 பேட்டரி லாரன்ஸ் ரோட்ல எந்த வாட்ச் கடையிலயும் கிடைக்கும்.

டாங்கிள் வாங்காதீங்க. வைஃபை டாங்கிள்னா அதுக்கு தனி டிரைவர், தனி ஃபர்ம்வேர், அதுக்கு மேல டபிள்யூபிஏ சப்ளிகன்ட், அதுக்கு ஒரு லைப்ரரி. ஒரு பிரச்சனையை தீக்க நாலு பிரச்சனையை காசு குடுத்து வாங்கற கணக்கு. போன்ல யுஎஸ்பி டெதரிங் ஏன் வரலன்னு கேட்டீங்களே, ஆண்ட்ராய்டு போனுக்கு கர்னல்ல ஆர்என்டிஐஎஸ் ஹோஸ்ட் ஆப்ஷன் வேணும், அதுக்கு மேல போன் குடுக்கற ஐபியை வாங்கிக்க டிஹெச்சிபி கிளையன்ட் வேணும், எல்எஃப்எஸ் சிஸ்வினிட்ல அதுவும் வராது, பிஎல்எஃப்எஸ்லேர்ந்து டிஹெச்சிபிசிடி போட்டுக்கணும். லேன் வந்த பிறகு நிதானமா செய்ங்க.

லேப் மெஷினோட மேக் அட்ரஸ்

செய்யாதீங்க. டெக்னிக்கலா ஒரே கமாண்ட் தான், அதனால தான் சீனியர் சாதாரணமா சொல்லிட்டாரு. ஆனா காலேஜ் நெட்வொர்க்ல மேக் அட்ரஸை வச்சு தான் யாரை உள்ள விடறதுன்னு முடிவு பண்றாங்கன்னா, அடுத்தவன் மேக்கை போட்டுக்கிட்டு உள்ள போறது அனுமதி இல்லாம நுழையறது தான். அந்த லேப் மெஷினும் அதே நேரத்துல ஆன்ல இருந்தா ஸ்விட்ச் ரெண்டு போர்ட்டுக்கும் நடுவுல குழம்பி ரெண்டு பேருக்கும் நெட் விட்டு விட்டு வரும், அட்மின் வந்து பாத்தா எந்த போர்ட்னு அஞ்சு நிமிஷத்துல கண்டுபுடிச்சுடுவாரு. நானும் இந்த பக்கம் புதுச்சேரியில அந்த வேலை தான் பாக்கறேன், ஸ்விட்ச் லாக்ல அது பளிச்சுன்னு தெரியும். ஐடி சட்டம் 2000-ல 43-ம் பிரிவு அனுமதி இல்லாம நெட்வொர்க்ல நுழையறதை பத்தி தான் பேசுது, ஏமாத்தற நோக்கத்தோட செஞ்சா 66-ம் பிரிவுல மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா அஞ்சு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். ஒரு ப்ராஜெக்ட் டெமோவுக்கு யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டாங்க, ஆனா வைவா நேரத்துல டிசிப்ளினரி கமிட்டி முன்னாடி நிக்கறது உங்களுக்கு எதுக்கு? லேப் இன்சார்ஜ்கிட்ட உங்க மேக் அட்ரஸை எழுதி குடுத்து ஒரு நாளைக்கு அனுமதி கேளுங்க, ஹெச்ஓடி கையெழுத்தோட கேட்டா பெரும்பாலும் குடுத்துடுவாங்க.

குடுக்கலன்னாலும் ஒண்ணும் குடி முழுகாது, ஏன்னா உங்க டெமோவுக்கு இன்டர்நெட்டே தேவையில்ல. ஒரு சாதா லேன் கேபிள், ஒரு முனை உங்க மெஷின்ல, இன்னொரு முனை ஃப்ரெண்ட் லேப்டாப்ல. இந்தாண்ட 10.10.10.1, அந்தாண்ட 10.10.10.2, ரெண்டுக்கும் ப்ரிஃபிக்ஸ் 24. க்ராஸ் கேபிள் எல்லாம் வேண்டாம், ஜிகாபிட் கார்டு தானா சரி பண்ணிக்கும். பைத்தான் எல்எஃப்எஸ்லயே இருக்கு, அதுல ஹெச்டிடிபி சர்வர் மாட்யூலை ஒரே லைன்ல ஓட்டி, லேப்டாப் ப்ரவுசர்ல 10.10.10.1:8000-னு போட்டா உங்க ஓஎஸ்லேர்ந்து பேஜ் வரும். எக்ஸ்டர்னல் எக்ஸாமினருக்கு கூகுள் ஓபன் ஆகறதை காட்டறதை விட இது எவ்வளவோ மேல், ஏன்னா கேட்டா ஒவ்வொரு லேயரையும் உங்களால விளக்க முடியும்.

மாமா சிபியூவை பஸ்ல தூக்கிட்டு போக போறேன்னு எழுதியிருந்தீங்க, அது வேண்டாம்னு தோணுது, வழியில ரேம் ஆடினாலே பூட் ஆகாது. எல்எஃப்எஸ் பார்ட்டிஷனை மட்டும் டிடி-ல ஒரு இமேஜ் ஃபைலா எடுத்து ஃப்ரெண்ட் லேப்டாப்ல கியூஎம்யூ ங்கற வர்ச்சுவல் மெஷின்ல ஓட்டி பாருங்க. கியூ35 மெஷின் டைப் குடுத்தா டிஸ்க் ஏஹெச்சிஐ-யா வரும், நெட் கார்டு இ1000இ-யா வரும், அதனால கர்னலை திரும்ப கட்டறப்பவே இ1000இ-யையும் ஸ்டார் போட்டு சேர்த்துக்குங்க. பார்ட்டிஷன் இமேஜ் தானா பூட் ஆகாது, கர்னல் இமேஜை கியூஎம்யூவுக்கு தனியா குடுத்து, கர்னல் லைன்லயும் எஃப்எஸ்டேப்லயும் ரூட் பேரை மாத்தணும். அங்க ஐபி 10.0.2.15, கேட்வே 10.0.2.2, டிஎன்எஸ் 10.0.2.3. ஒரே ஒரு எச்சரிக்கை, கியூஎம்யூவோட அந்த சாதா நெட்வொர்க்ல வெளிய பிங் பெரும்பாலும் போகாது, டவுன்லோட் மட்டும் போகும். எக்ஸ்டர்னல் முன்னாடி 8.8.8.8-க்கு பிங் அடிச்சு மாட்டிக்காதீங்க.

"என் சொந்த ஓஎஸ்"

கர்னல் நீங்க எழுதல, ஜிலிப்சி நீங்க எழுதல, 1999-ல ஜெரார்ட் பீக்மன்ஸ் ஆரம்பிச்ச ப்ராஜெக்ட்டோட புக்கை வச்சு கட்டியிருக்கீங்க. அதை அப்படியே சொல்லுங்க. "சோர்ஸ்லேர்ந்து நானே கட்டின லினக்ஸ் சிஸ்டம்"னு சொன்னா அதுல பொய் இல்ல, மதிப்பும் குறையாது. பேரை மாத்திக்க, லோகோ போட, ஓஎஸ்-ரிலீஸ் ஃபைல்ல உங்க பேரை எழுத உங்களுக்கு முழு உரிமை இருக்கு, அதை யாரும் கேக்க முடியாது. ஆனா இந்த இமேஜை ஜூனியர்ஸுக்கு பென்டிரைவ்ல குடுக்கறீங்கன்னா கர்னல் ஜிபிஎல் 2-வது பதிப்புல இருக்கறது, சோர்ஸையும் உங்க கான்ஃபிக் ஃபைலையும் கூடவே குடுத்துடுங்க, அதுல தான் சட்டப்படியும் சுத்தம். "கர்னல் நான் எழுதினேன்"னு மட்டும் வாய் தவறி கூட சொல்லிடாதீங்க, அடுத்த கேள்வி ஷெட்யூலர் எப்படி எழுதினீங்கன்னு வரும்.

ரிப்போர்ட்ல இந்த நெட் பிரச்சனையையும் ஒரு அத்தியாயமா எழுதுங்க, மூணு எரர், மூணு காரணம், எப்படி கண்டுபுடிச்சீங்கன்னு. காப்பி அடிச்ச ப்ராஜெக்ட்ல இது இருக்கவே இருக்காது.

கர்னலை திரும்ப கட்டி, நாலு நம்பரை மாத்தி, அதுக்கப்புறமும் வரலன்னா திரும்ப எழுதுங்க, ஆனா "வரல சார்"னு மட்டும் எழுதாதீங்க. ஐபி லிங்க், ஐபி ரூட், டிமெஸேஜ்ல ஆர்8169 வர்ற லைனுங்க, இந்த மூணையும் போன்ல ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க. நேர்ல யாராவது கூட உக்காந்து பாத்தா தேவலன்னா உங்களுக்கு விழுப்புரம் தூரம் இல்ல, அங்க விஜிஎல்யூஜி-ன்னு லினக்ஸ் குழு இருக்கு. போறப்ப மெஷினை தூக்கிட்டு போகாதீங்க, அந்த இமேஜ் ஃபைலை ஒரு ஹார்ட் டிஸ்க்ல எடுத்துட்டு போங்க.